வேளச்சேரி பாலமும் ஓரிரு இடங்களும்

"ரெட் அலர்ட் குடுத்துட்டாங்களா? அப்ப நாளைக்கு நல்லா வெயிலடிக்கும், துணி துவைச்சுப் போட்டுடலாம்." ஐப்பசி பிறந்தால் சென்னையில் இந்த நகைச்சுவையும் பிறந்துவிடும். 2024 அக்டோபருக்குப் பிறகு இது நகைச்சுவை என்ற நிலையைத் தாண்டி ஒரு நம்பிக்கையாகவே உறைந்துவிட்டது. அந்த மாதம் 16ஆம் தேதிக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை. முந்தின நாள் வடசென்னைப் பக்கம் நிஜமாகவே கொட்டியது. ஆனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த 16ஆம் தேதி பெரிதாக ஒன்றும் இல்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே ஒட்டினாற்போல் கரையேறியது, மழை தெற்கு ஆந்திரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டது. இதற்கிடையே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியிருந்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. முதல் நாள் அது புத்திசாலித்தனம், மூன்றாம் நாள் அது மீம்.

அந்தக் கேலிதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்ற கேள்வியை நாம் கிளி ஜோசியத்திடம் கேட்பதுபோல வானிலை மையத்திடமும் கேட்கிறோம். பாலத்தில் கார் நிறுத்தியவர் ஏமாந்தவரா என்பதற்கு விடை தேட வேண்டுமானால், முதலில் அவரிடம் உண்மையில் என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால்

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய கனமழை பெய்ய வாய்ப்புள்ளது." மழைக்காலத்தில் இதைக் கேட்காத நாளில்லை. எங்கே பெய்தாலும் தப்பித்துக்கொள்ள வசதியாக எழுதிய வாக்கியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை 'ஒரு சில இடங்களில்', 51 முதல் 75 வரை 'அநேக இடங்களில்', அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. கனமழை என்பதும் "பலமா பெஞ்சுது" என்ற பொருளில் அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. செவ்வாய்க்கிழமை மாலை பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் ஏறுவதும் அதனால்தான்.

ஆக, "ஓரிரு இடங்களில் கனமழை" என்று சொல்லி உங்கள் தெருவில் தூறல்கூட விழவில்லை என்றால் அது கணிப்புக்கு எதிரான சாட்சியே அல்ல. நாலில் மூன்று பங்கு நிலையங்களில் கனமழை இருக்காது என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் துறை எழுதும் வாக்கியங்களில் மிகத் துல்லியமானது இதுதான் என்பது என் கட்சி.

கோளாறு கடைசிச் சொல்லில்தான். வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கைகளில் நிகழ்தகவுக்கும் படிகள் உண்டு. 25 சதவீதத்துக்குக் கீழே ஒரு சொல், 25 முதல் 50 வரை இன்னொன்று, 50 முதல் 75 வரை வேறொன்று, அதற்கு மேல் மற்றொன்று. தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் எல்லாமே 'வாய்ப்புள்ளது' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு சாத்தியமும் பத்துக்கு ஒன்பது சாத்தியமும் ஒரே சொல். 'பெய்யக்கூடும்', 'பெரும்பாலும் பெய்யும்', 'அநேகமாக உறுதி' என்றெல்லாம் நம் மொழியிலும் படிகள் இருக்கத்தான் செய்கின்றன. யாரோ எப்போதோ ஒரு வார்ப்பை உருவாக்கிவிட்டார்கள், அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்ணங்களின் கதை இன்னும் குழப்பம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இவை மழையின் அளவைவிட, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையே சொல்கின்றன. எவ்வளவு மோசமாகலாம், அதற்கு எவ்வளவு சாத்தியம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து வைக்கும் நிறம் அது. செய்தி சேனலில் அது "20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும்" என்று ஒற்றை எண்ணாகச் சுருங்கி, வாட்ஸ்அப்பில் "சென்னை மூழ்கப்போகிறது" ஆகிவிடுகிறது.

மழைமானி எனும் பாத்திரம்

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் கணிப்பைச் சரிபார்ப்பதும் இதே எண்களை வைத்துத்தான். சாதாரண மழைமானி என்பது 200 சதுர செ.மீ. வாயுள்ள ஒரு புனல், கீழே ஒரு பாட்டில். ஆள் போய்ப் பாட்டிலை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். 10 செ.மீ. மழைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சேரும். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 94.6 செ.மீ. பதிவானது; இந்த அளவு வாயுள்ள மானியில் அது ஏறக்குறைய 19 லிட்டர், இரண்டு பெரிய பக்கெட் தண்ணீர். நாலு லிட்டர் பாட்டில் 20 செ.மீ.யிலேயே நிரம்பிவிடும். அந்த மாதிரி இரவில் யாராவது இடையிடையே வந்து அளந்து கொட்டிவிட்டுப் போகாவிட்டால் கணக்கே போச்சு.

தானியங்கி நிலையத்தில் பாட்டிலுக்குப் பதில் சீசா பலகை போல இரண்டு குட்டி வாளிகள். ஒன்று நிரம்பினால் கவிழும், ஒவ்வொரு கவிழ்வும் ஒரு எண்ணிக்கை. மழை மிகக் கடுமையாக இருக்கும்போது வாளி கவிழும் அந்த நொடிக்குள் விழும் தண்ணீர் கணக்கில் ஏறாது. ஆகவே எந்த மழையை நாம் சரியாக அளக்க வேண்டுமோ அதையே இது குறைத்துக் காட்டும். புனலில் ஒரு வேப்பிலைச் சருகு அடைத்தாலும் போதும். புயல் காற்றில் துளிகள் மானியின் வாயைத் தாண்டிப் பறந்துபோவதும் உண்டு. பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று விதி. சென்னையில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

கிழக்கே கடல்தான்

கணிப்பவரின் நாள் விடியுமுன்பே தொடங்குகிறது. மீனம்பாக்கத்திலிருந்து ஒரு பலூன் மேலே போகும். அதில் தொங்கும் சிறு பெட்டி, நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டே வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் அனுப்பும். பலூன் 30 கி.மீ. உயரத்தை நெருங்கி வெடிக்கும். உலகம் முழுக்க இதே நேரத்தில், நம் கடிகாரப்படி காலை 5:30 என்ற கணக்கில், இப்படிப் பலூன்கள் ஏறுகின்றன. தெற்கே அடுத்த பலூன் காரைக்காலில். கிழக்கே? போர்ட் பிளேரில். இடையில் 1,300 கி.மீ.க்கு மேல் கடல். வடகிழக்குப் பருவமழை வருவதே அந்தக் கடல் வழியாகத்தான். செயற்கைக்கோள் இருக்கிறது, மிதவைகள் இருக்கின்றன, கப்பல்கள் இருக்கின்றன. ஆனால் மேகத்துக்கு அடியில் ஒரு கி.மீ. உயரத்தில் ஈரம் எவ்வளவு, காற்று எங்கே குவிகிறது என்பதைப் பலூன் அளவுக்கு வேறு எதுவும் நேரடியாகச் சொல்லாது.

இந்தத் தரவை விழுங்கித்தான் கணினி மாடல்கள் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக நம் நாட்டின் முக்கிய உலகளாவிய மாடல்கள் பூமியை 12 கி.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு ஓடின; 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டத்தில் ஒன்று வந்தது. 12 கி.மீ. கட்டம் ஒன்றின் பரப்பு 144 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சி மொத்தமே 426 சதுர கி.மீ. அதாவது அந்த மாடலின் கண்ணுக்குச் சென்னை என்பது மூன்று கட்டம். திருவொற்றியூருக்கும் அடையாறுக்கும் தனித்தனிக் கணிப்பு கேட்பவர்கள், மூன்று புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடச் சொல்கிறார்கள். ஒரு இடிமேகத்தின் குறுக்களவு ஐந்து, பத்து கி.மீ.தான், கட்டத்தைவிடச் சிறியது. அதை மாடல் நேரடியாகப் பார்ப்பதில்லை, "இப்படிப்பட்ட கட்டத்தில் வழக்கமாக இவ்வளவு மேகம் கிளம்பும்" என்று சூத்திரத்தால் நிரப்பிக்கொள்கிறது.

தாழ்வு மண்டலத்தின் பாதையிலும் இதே நிலைமை. புயல்களின் மையம் எங்கே இருக்கும் என்று 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லும்போது சராசரிப் பிழை ஏறத்தாழ 70, 80 கி.மீ. இது நல்ல முன்னேற்றம். கடலூர் முதல் நெல்லூர் வரை ஆட்களை நகர்த்த இது போதும். ஆனால் சென்னையிலிருந்து வடக்கே பழவேற்காடு ஏறக்குறைய 55 கி.மீ., தெற்கே மாமல்லபுரமும் அவ்வளவே. 2024 அக்டோபரில் தவறியது இந்த அளவுக்குள்தான். மழைப்பட்டை வடக்கே கொஞ்சம் தள்ளிப்போனது. வரைபடத்தில் விரல் நகம் அளவு.

2021 டிசம்பர் 30

ஆனால் எச்சரித்துவிட்டு மழை வராத நாளைவிட, எச்சரிக்காமல் வந்த நாளைத்தான் கணிப்பவர்கள் மறக்கமாட்டார்கள். மார்கழி பாதி. பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும் காலம். கிழக்குக் காற்றில் கடலோரத்தை ஒட்டி ஓர் அசைவு இருந்தது. மாடல்கள் மழையின் பெரும்பகுதியைக் கடலிலேயே கொட்டிக் காட்டின. கரைக்கு மிதமான மழை. நண்பகலுக்குப் பிறகு மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் பக்கம் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. நகரின் மையத்தில் சில நிலையங்களில் 20 செ.மீ.யைத் தாண்டியது. அலுவலகம் விட்டு வந்தவர்கள் பாதி வழியில் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போயின. எச்சரிக்கையின் நிறம் ஏறியதே மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான். புத்தாண்டு அன்று முதலமைச்சர் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது.

அன்று என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மேகத்தை விட்டுவிட்டு ஒரு வரிசையைப் பார்க்க வேண்டும். கடலின் மேல் தடையின்றி வரும் கிழக்குக் காற்று கரையைத் தொட்டதும் கட்டிடங்களிலும் மரங்களிலும் உரசி வேகம் குறைகிறது. பின்னால் வருவது முன்னால் போவதன் மேல் ஏறுகிறது. சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் நெருக்குவதைப் போலத்தான். அந்த நெருக்கத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அங்கேதான் மேகம் கிளம்புகிறது. தனியாக எடுத்தால் அந்த மேகத்தின் ஆயுள் அரை மணி, ஒரு மணி நேரம். ஆனால் நெருக்கம் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால் ஒன்று ஓய்வதற்குள் அதன் பின்னாலேயே அடுத்தது கிளம்பி, அதே தெருவின் மேல் வந்து கொட்டும். மேகங்கள் நகர்கின்றன, மழை மட்டும் நகர்வதில்லை. காற்று இப்படி நெருக்கும் கோடு, அதாவது குவிகோடு, கரையிலிருந்து பத்து கி.மீ. கிழக்கே அமைந்தால் மீன்களுக்கு மழை, பத்து கி.மீ. மேற்கே அமைந்தால் முதலமைச்சரின் கடிதம். 12 கி.மீ. கட்டம் கொண்ட மாடலுக்கு இந்த இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு கட்டம்தான் வித்தியாசம்.

"ரேடார் இருக்கிறதே, அது என்ன செய்தது?" என்பது நியாயமான கேள்வி. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடார் நாட்டின் முதல் டாப்ளர் ரேடார்களில் ஒன்று, 10 செ.மீ. அலைநீளம். பள்ளிக்கரணையில் 3 செ.மீ. அலைநீளத்தில் இன்னொன்று அந்த மழைக்கு இரண்டு வாரம் கழித்து, 2022 ஜனவரியில் அதிகாரபூர்வமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் ரேடார் காட்டுவது இப்போது இருக்கும் மழைத்துளியை. இன்னும் கிளம்பாத மேகத்தை அதனால் காட்ட முடியாது. இருக்கும் மேகத்தை நகர்த்திப் பார்த்து ஒன்றிரண்டு மணி நேரம் சொல்லலாம். வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வெளியிடுவது இந்தக் கணக்கில்தான். மேகம் அதே இடத்தில் மறுபடி மறுபடி முளைக்கும் நாளில் இந்த நகர்த்தல் கணக்கு தோற்றுவிடும். "இந்தக் கூட்டம் முக்கால் மணியில் கடந்துவிடும்" என்று தோன்றும், அடுத்த பத்து நிமிடப் படத்தில் அதன் வாலில் இன்னொன்று முளைத்திருக்கும்.

ரேடாருக்கு இன்னொரு சங்கடம். அது அனுப்பும் கற்றை நேராகப் போகும், பூமி வளைந்துகொண்டே போகும். அரை டிகிரி சாய்வில் அனுப்பினால்கூட 100 கி.மீ. தொலைவில் கற்றை தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில், 200 கி.மீ.யில் நாலு கி.மீ. உயரத்தில். அதற்குக் கீழே பெய்வது அதற்குத் தெரியாது. அதைவிட நுணுக்கமானது துளியின் அளவு. ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்றும் 1 மி.மீ. துளிகள் 64ம் ஒரே அளவுக்கு எதிரொலிக்கும். ஆனால் அந்த ஒற்றைத் துளியில் இருக்கும் தண்ணீர் எட்டு சின்னத் துளிகளின் தண்ணீர்தான். வெப்பமண்டலக் கடலிலிருந்து வரும் மழையில் சின்னத் துளிகள் ஏராளம். எதிரொலியை மழை அளவாக மாற்றச் சூத்திரங்கள் உண்டு. மிதவெப்ப நாடுகளுக்கு ஏற்ற பழைய மார்ஷல்–பால்மர் சூத்திரத்தில் போட்டால் 50 டெசிபல் வலிமையுள்ள எதிரொலி மணிக்கு 49 மி.மீ. மழை, வெப்பமண்டல மழைக்கென்று இருக்கும் சூத்திரத்தில் போட்டால் அதே 50 டெசிபல் மணிக்கு 147 மி.மீ. திரையில் நிறம் ஒன்றே. எந்தச் சூத்திரத்தை நம்புவது என்பதை மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் முடிவுசெய்ய வேண்டும்.

98 சதவீதம் சரி

கணிப்பை எப்படி மதிப்பிடுவது என்ற சண்டை 140 வருடம் பழையது. 1884இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் சர்வீஸில் இருந்த ஜான் ஃபின்லி சூறாவளிச் சுழல்களுக்கு (டொர்னாடோ) முன்னறிவிப்பு கொடுத்து, 96.6 சதவீதம் பலித்தது என்றார். மொத்தம் 2,803 கணிப்புகள். "வரும்" என்று சொன்னது 100 முறை, வந்தது அதில் 28. "வராது" என்று சொல்லி வந்தது 23. மீதி 2,680 முறை வராது என்றார், வரவில்லை. உடனே கில்பர்ட் என்பவர் எழுந்து, "எப்போதுமே வராது என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு 98.2 சதவீதம் கிடைத்திருக்குமே" என்று கேட்டார். ஒன்றுமே செய்யாமல் இருப்பவருக்கு முதல் மதிப்பெண்! ஆனால் 'வராது' என்றே சொல்லிக்கொண்டிருப்பவர் அந்த 51 சுழல்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கமாட்டார். ஃபின்லி 28ஐப் பிடித்தார். அதற்குக் கொடுத்த விலை 72 வெட்டி எச்சரிக்கை.

தவறவிடுவதும் வெட்டியாக எச்சரிப்பதும் தராசின் இரண்டு தட்டுகள். கருவியும் மாடலும் மேம்பட்டால் இரண்டும் சேர்ந்து குறையும். அது நடக்கும்வரை, இன்றிருக்கும் அறிவை வைத்துக்கொண்டு, ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறியே தீரும். 2021 டிசம்பரில் ஏன் சொல்லவில்லை என்று திட்டிய அதே வாயால் 2024 அக்டோபரில் ஏன் சொன்னாய் என்று திட்டினோம். இரண்டுமே வேண்டாம் என்பவர் கேட்பது கணிப்பை அல்ல, வரத்தை.

பாலத்தில் நின்ற கார்

இப்போது பாலத்துக்கு வருவோம். வேளச்சேரியில் ஒருவர் காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறார். அவருக்குச் செலவு என்ன? அலைச்சல், ஆட்டோ, தூக்கக்கேடு எல்லாம் சேர்த்து 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிறுத்தாமல் விட்டு எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஒரு லட்சம். செலவை இழப்பால் வகுத்தால் 0.005. வெள்ளம் வரும் சாத்தியம் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தாலே அவர் காரை ஏற்றுவது லாபம். இருநூறு தடவை ஏற்றி ஒரே ஒரு தடவை வெள்ளம் வந்தாலும் கணக்கு நேராகிவிடும். மீம் போட்டவர்கள் ஒரு நாளை மட்டும் பார்த்தார்கள். அவர் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்.

பள்ளிக்கு விடுமுறை விடும் மாவட்ட ஆட்சியரின் கணக்கு முற்றிலும் வேறு. லட்சக்கணக்கான பிள்ளைகளின் ஒரு நாள் படிப்பு, சத்துணவு, தினக்கூலிக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் அம்மாக்கள். அவர் அரை சதவீதத்துக்கு விடுமுறை விட்டால் வருடத்தில் பள்ளியே நடக்காது. 30, 40 சதவீதமாவது வேண்டும். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரருக்கு இன்னொரு வரம்பு, ஏரியின் மதகைத் திறக்கும் பொறியாளருக்கு இன்னொன்று. அந்தப் பொறியாளருக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு மழை வராமல் போனால் கோடையில் திட்டு, திறக்காமல் மழை வந்தால் அன்றிரவே திட்டு. இத்தனை பேருக்கும் ஒரே சிவப்பைக் காட்டுகிறோம். அந்த நிறத்தை யாருடைய வரம்புக்கு வைப்பது?

அதனால்தான் எண்ணைக் கொடுங்கள் என்கிறேன். எண் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய மாடல் ஒரே நாளுக்கு 51 தடவை, ஆரம்ப நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓடுகிறது. நம் நாட்டிலும் இப்படிக் கூட்டுக் கணிப்புகள் ஓடுகின்றன. 51இல் ஐந்து சென்னையில் 20 செ.மீ. காட்டினால் சாத்தியம் ஏறத்தாழ 10 சதவீதம் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் கணிப்பு நேர்மையானது என்றால், பத்து தடவை சொன்னால் ஒன்பது தடவை பெய்யக் கூடாது! பத்து தடவையும் பெய்தால் கணிப்பவர் தப்பு செய்கிறார். இதை மக்களுக்குப் புரியவைக்க முடியாது என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. சீட்டு கட்டுபவருக்கும், தங்கம் எப்போது வாங்கலாம் என்று பார்ப்பவருக்கும், எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுபவருக்கும் நிகழ்தகவு தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது.

தனியாகக் கணிக்கும் ஆர்வலர்கள் மேல் மக்களுக்கு இருக்கும் பிரியத்திலும் இது ஒரு பங்கு என்று நினைக்கிறேன். அவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் அதே மாடல் படங்கள், அதே ரேடார். ஆனால் அவர்கள் "இது போகலாம் வரலாம், ராத்திரி இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்றேன்" என்று தயக்கத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். அரசு அறிக்கையில் தயக்கத்துக்கு இடமில்லை. அதன் ஒரு சொல்லில் பள்ளிகள் மூடுகின்றன, படகுகள் கரையேறுகின்றன.

2024 அக்டோபரில் கேலிக்குள்ளான அந்தப் பாலத்தில், ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் புயல் நெருங்கியபோது மறுபடி கார்கள் வந்து நின்றன. நவம்பர் 30 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அன்றிரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைத் தொட்டது, தொட்டபின் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மறுநாள் காலை 8:30க்குப் புதுச்சேரியில் அளந்தபோது 48 செ.மீ.க்கு மேல். சென்னையில் கார்களின் சொந்தக்காரர்கள் பாலத்துக்குப் போய் வண்டியை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.